மூச்சுவிட ஒரு சாக்கு

அந்த மரப்பட்டறையில் வெளிக்காற்று வேண்டுமென்றால் சிகரெட் குடித்தாக வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பாலிஷ்காரருக்கும் ஒரு காலத்தில் சிரிப்புத்தான் வந்தது. இப்போது வருவது வேறு.

விஷயம் இதுதான். பட்டறைக்குள் தின்னர் டின்னும் வார்னிஷ் டின்னும் திறந்தே கிடக்கும். மரத்தூள் தரையில் மெத்தை போலக் கிடக்கும், காற்றிலும் மிதக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும், கூரையோடு கைலாசம்தான். அதனால் உள்ளே பற்றவைக்கக் கூடாது என்று சுவரில் சிவப்புப் பலகை தொங்கியது. ஆனால் குடிக்கிறவன் குடிக்காமல் இருப்பானா? கழிப்பறைக்குள் ஒளிந்து குடித்து அங்கே தீ வைத்துவிட்டால்? பழைய முதலாளி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். குடிக்கிறவர்கள் காலையிலும் பிற்பகலிலும் பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போய், ஊதிவிட்டு வரலாம்.

குடிக்காதவர்கள்? குடிக்காதவனுக்கு வெளியே என்ன வேலை? அவன் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். அவனுக்கு டீ கூட உள்ளேதான் வரும். குடித்து முடிக்கும்போது தம்ளரின் அடியில் மரத்தூள் வண்டலாகத் தங்கியிருக்கும்.

இது யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. எழுதி ஒட்டியிருந்தால் எவனாவது ஒருத்தன் நின்று படித்துவிட்டு, "இதென்னடா கூத்து?" என்று கேட்டிருப்பான். எழுதாத சட்டத்தை யார் படிப்பது?

பாலிஷ்காரர் இந்தப் பட்டறைக்கு வந்தபோது அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்ந்த புதிதில் தேய்ப்புப் பகுதியில் போட்டார்கள். பட்டி பூசிக் காய்ந்த பலகையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும். தேய்க்கிறவன் மட்டும் தலை முதல் கால் வரை மாவு மில்லில் புரண்டு எழுந்தவன் மாதிரி ஆகிவிடுவான். கண்ணிமையில் தூசி, காதுக்குள் தூசி, எச்சில் துப்பினால் அதிலும் தூசி. சில நாளிலேயே மூச்சு அடைத்தது. கொஞ்சம் வெளியே நின்றுவிட்டு வருகிறேன் என்று கேட்டதற்கு, அப்போதிருந்த தலை பாலிஷ்காரர் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இதை வாயில வை. இல்லேன்னா உள்ளயே கிட."

"எனக்குப் பழக்கமில்லை அண்ணே."

"யாருக்குடா பொறக்கும்போதே பழக்கம்? சும்மா கையில புடிச்சுக்கிட்டு நில்லு, போதும்."

சும்மா கையில் பிடித்தது சில நாள். அப்புறம் சும்மா வாயில் வைத்தது. அப்புறம் 'சும்மா' போய்விட்டது. காற்று வாங்கப் போன மனிதன் புகை வாங்கித் திரும்பினான்.

புகையை இரண்டு மூக்குத் துளை வழியாகவும் விடுவார் என்பதால் பட்டறையில் அவருக்குக் 'கூட்ஸு' என்று பெயர். கூட்ஸ் வண்டி மாதிரி புகை, கூட்ஸ் வண்டி மாதிரியே நிதானம். அவர் மெருகு போட்ட மேசையில் குனிந்தால் முகம் பார்த்துச் சவரம் பண்ணிக்கொள்ளலாம். முடியெல்லாம் நரைத்து, பேரப்பிள்ளை எடுத்த பிறகு, அந்தப் பெயருக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. படி ஏறினால் அவர் நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

வீடு இரண்டாவது மாடி. முதல் மாடித் திருப்பத்தில் யாரோ வைத்திருந்த செடித்தொட்டியைப் பார்க்கிற சாக்கில் நின்றுவிடுவார். தினமும் ஒருத்தர் ஒரே செடியை இத்தனை அக்கறையாகப் பார்த்தால் செடிக்கே சந்தேகம் வரும். மனைவிக்கு வராதா?

"அந்தச் செடியில அப்படி என்ன பூத்திருக்கு?" என்று மேலே நின்றபடி கேட்டாள்.

"மொட்டு… விட்டிருக்கு" என்றார். நடுவில் ஒரு மூச்சு எடுத்துத்தான் சொல்ல முடிந்தது.

"அது பிளாஸ்டிக் செடிங்க."

மறுநாளே நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். ஊதச் சொன்ன பெண் விளையாட்டு மைதானத்தில் நிற்கிறவள் மாதிரி கத்தினாள்: "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" அவருக்கு அந்த 'இன்னும்' இல்லை. கொஞ்சம் வந்தது, அப்புறம் காலி டின்னைக் கவிழ்த்த மாதிரி நின்றுவிட்டது.

டாக்டர் அவர் மகள் வயதுப் பெண். திரையைப் பார்த்தபடி, "எத்தனை வருஷமா சிகரெட் குடிக்கிறீங்க ஐயா?" என்றார்.

பாலிஷ்காரருக்குச் சுருக்கென்றது. வாசலில் சீட்டு கொடுத்தவன் கேட்டான், எடை பார்த்தவள் கேட்டாள், குழாய்க்காரி கேட்டாள். எல்லோரும் இதே கேள்வி. கேட்டுவிட்டு, 'வேணும் உனக்கு' என்று ஒரு பார்வை.

"சிகரெட்டைப் பத்திக் கேக்குறீங்க, மரத்தூளைப் பத்தி ஒருத்தராச்சும் கேப்பீங்களா, மாட்டீங்களா?" என்றார்.

டாக்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். "கேக்கறேன். சொல்லுங்க."

சொன்னார். இடையிடையே மூச்சுக்கு நின்று சொன்னார். டாக்டர் குறுக்கே பேசவில்லை. அன்று அவருக்குக் கிடைத்த முதல் மருந்து அதுதான்.

"ரெண்டும் சேந்துதான் வேலையைக் காட்டியிருக்கு" என்றார் டாக்டர். "இது நாள்பட்ட நோய். கெட்டுப்போன அளவுக்கு என்னால திருப்பித் தர முடியாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். சிகரெட்டை முழுசா விடணும். கொறைக்கிறேன், பாதி குடிக்கிறேன்ங்கறதெல்லாம் வேண்டாம்."

"இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப்போகுது?"

"எந்த வயசுல விட்டாலும் எறங்குற வேகம் கொறையும். அதோட, தூசியில ஒரேயடியா நிக்காதீங்க. அப்பப்ப வெளிய வந்து நல்ல காத்துல நில்லுங்க. அது முடியுமா உங்க பட்டறையில?"

பாலிஷ்காரர் சிரித்தேவிட்டார். "வெளிய நிக்கிறதுதானே? அதுல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன் டாக்டர்."

விட்டார். விட்டார் என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். அவருக்கல்லவா தெரியும். கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அங்கே இன்ஹேலர் இருக்கும். நாக்கு உப்புத்தாளாகிவிட்டது. ஒழுகுகிற குழாயைப் பார்த்து ஒருநாள் கெட்ட வார்த்தையில் திட்டினார். தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். டாக்டர் எழுதிக் கொடுத்த நிகோடின் சுயிங்கத்தை மென்றுகொண்டே மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"என்னைக் கடிச்சுத் துப்பாதீங்க" என்றாள் அவள். "கடிக்கத்தான் அதை வாங்கிக் குடுத்திருக்கு."

பட்டறையிலும் யாரும் பாராட்டி மாலை போடவில்லை. உளி என்று ஒரு தச்சன் இருந்தான். உளியைவிட நாக்கு கூர்மை என்பதால் வந்த பெயர். "என்ன அண்ணே, கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? வீடு எரியுது, நம்ம கூட்ஸு கெணறு வெட்டுறாரு!" என்றான்.

"எரிஞ்சது போக ஒரு அறை மிச்சமிருக்குடா. அதுல நான் படுத்துக்கறேன். உனக்கென்ன?"

பல வருஷமாக அவருடைய சட்டைகளுக்கு வீட்டுக்குள் இடமில்லை. புகை நாற்றம் வீட்டில் ஏறக்கூடாது என்று மனைவி அவற்றைப் பால்கனிக் கொடியில்தான் போடுவாள். மழைக்காலத்திலும் அங்கேதான். விட்டுச் சில மாதம் கழித்து ஒருநாள், துண்டு தேடி அலமாரியைத் திறந்தார். அவளுடைய புடவைகளுக்குப் பக்கத்தில் அவருடைய சட்டைகள் தொங்கின. துண்டை எடுக்க மறந்து கதவை மூடிவிட்டு வந்தார்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

சிகரெட் இல்லாமலும் அவர் வழக்கம்போல் முற்றத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஊதுகிறவர்களை விட்டுத் தள்ளி, காற்று வருகிற பக்கமாக நின்று, டாக்டர் சொன்னபடி மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுவார். யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவன் அவருடைய மைத்துனன்.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. வேலையில்லாமல் திரிந்தவனைக் கூட்டிவந்து பட்டறையில் சேர்த்துவிட்டவரே பாலிஷ்காரர்தான். லாரியில் சாமான் ஏற்றத் தொடங்கி, ஏறி ஏறிச் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். வாசலுக்கு வெளியே 'டா' போட்டுப் பேசலாம். உள்ளே போனால் இருவருக்குமே வாய் குழறும். ஒருநாள் பின்வாசலில் கையைக் குறுக்கே வைத்தான்.

"எங்க மாமா?"

"வெளிய."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எப்பவும் போறதுக்குத்தான்."

"நீங்கதான் விட்டுட்டீங்களே! அக்கா சொன்னா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" நிஜமாகவே பல்லெல்லாம் தெரிந்தது. "அப்ப இனிமே வெளிய போற வேலை உங்களுக்கு இல்லை, இல்லையா?"

பாலிஷ்காரருக்கு முதலில் புரியவே இல்லை. கேலி பண்ணுகிறான் என்று நினைத்தார். கை நகரவில்லை.

"டேய், மூச்சு விடப் போறேன்டா."

"மாமா, அது சிகரெட்டுக்குக் குடுத்த நேரம். சும்மா நிக்கிறதுக்குக் குடுத்ததில்லை."

"உளி போறான்?"

"அவன் குடிக்கிறான்."

"நீ போற?"

"நானும் குடிக்கிறேன்ல?"

"விட்டது நான் பண்ண குத்தமா? டாக்டரே சொல்லியிருக்காங்கடா, நல்ல காத்துல நிக்கணும்னு."

"உங்களுக்கு மட்டும் விட்டா எல்லாரும் கேப்பாங்க மாமா. தப்பா நெனைக்காதீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மூச்சு உள்ளயும் விடலாம்ல?"

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தாலாவது கொம்பு குத்தும், வலிக்கும், கத்தலாம். இது சிரித்துக்கொண்டே பாய்ந்தது. பாலிஷ்காரர் திரும்பி வந்து மெருகு தேய்க்கும் பஞ்சு உருண்டையைக் கையில் எடுத்தார். மூச்சு உள்ளயும் விடலாம்ல! இத்தனை வருஷம் நெஞ்சைச் சுட்டுக்கொண்டதற்கு அனுமதி. சுடுவதை நிறுத்தியதற்குத் தண்டனை. அவர் அப்போது மெருகு போட்டுக்கொண்டிருந்தது ஒரு மருத்துவமனைக்குப் போகிற அலமாரி. மூச்சுத் திணறுகிறவர்களின் மாத்திரையை வைப்பதற்காக மூச்சுத் திணறத் திணற ஒரு மனிதன் அதைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தான். இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

இரண்டு வாரம் உள்ளேயே இருந்து பார்த்தார். முகத்தில் துணி கட்டினார். துணிக்குள் மூச்சு முட்டியது. இன்ஹேலரை எடுத்தால் அதன் வாயிலும் தூசி படிந்திருந்தது. ஊதித் துடைப்பதற்குக்கூட மூச்சு வேண்டியிருந்தது. பிற்பகலில் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலை வந்தது. வேலையை விட்டுவிடலாம்தான். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் மகள் அனுப்புவதில் சாப்பிட வேண்டும். அதைவிட, தப்பு செய்தவன் மாதிரி ஏன் போக வேண்டும்? தப்பை விட்டவன் ஏன் போக வேண்டும்?

பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, முனைக்கடையில் ஒரு சிகரெட் பெட்டி வாங்கினார். கடைக்காரன் காணாமல் போன தம்பியைக் கண்ட மாதிரி, "வாங்க வாங்க, எங்க ஆளையே காணோம்!" என்றான். எரிச்சலாக இருந்தது. காலை நேரம் வந்தபோது பெட்டியை மைத்துனன் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். அவன் முகத்தில் ஒரு நிம்மதி. கதவைத் திறந்தே பிடித்தான்.

"போங்க மாமா. நான் அப்பவே நெனைச்சேன், இதெல்லாம் விட முடியற பழக்கமா?"

வெளியே வந்து பற்றவைத்தார். உறிஞ்சிப் பற்றவைக்கவில்லை, தீக்குச்சியை நுனியில் வெகுநேரம் காட்டித்தான். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அலுவலக ஜன்னலிலிருந்து பார்க்கிறவனுக்குச் சிகரெட் தெரிய வேண்டும், அவ்வளவுதான். புகை ஒரு பக்கம், அவர் மூச்சு மறுபக்கம். அனுமதிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றார். உளி வாயைப் பிளந்து பார்த்தான்.

"என்ன அண்ணே, காசு குடுத்து வாங்கிக் காத்துக்கு ஊட்டுறீங்க?"

"உன் சூப்பர்வைசருக்குக் காட்டுறேன். நீ பேசாம ஊது."

புத்திசாலித்தனம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் புகைக்கு வழி தெரியும். காற்று சற்றே திரும்பினால் அது வந்து மூக்குக்கு அடியில் நிற்கும், பழைய சிநேகிதன் வாசலில் வந்து செருமுவது மாதிரி. வாயில் எச்சில் ஊறும். ஒரு இழுப்பு இழுத்தால் யாருக்குத் தெரியும்? முதல் நாள் நேராக நீட்டியிருந்த கை அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் சிகரெட் மோவாய்க்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அவரே திடுக்கிட்டார். தோள் வலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தோளுக்கும் தெரியும், அது பொய் என்று.

அன்று மாலை வீட்டுக்குப் போனார். மனைவி கதவைத் திறந்தவள், அப்படியே நின்றாள். அவள் மூக்கு நீதிபதி மூக்கு, மேல்முறையீடு கிடையாது. அலமாரியைத் திறந்து, அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"ஏய், நான் குடிக்கலை!"

"திருடன்கூட அப்படித்தாங்க சொல்லுவான்."

"கையிலதான் புடிச்சிருந்தேன்!"

"ஆமா, ஏந்திக்கிட்டு நின்னீங்க. எத்தனை நாளா இந்த நாடகம்?" குரல் உடைந்தது. "ராத்திரி நீங்க மூச்சு விடுறீங்களா, விடலையான்னு முழிச்சுக் கெடக்கறவ நான். என்னை ஏமாத்தி உங்களுக்கு என்ன கெடைக்குது?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கோபத்தில் பேச்சு வரவில்லை. மூச்சுதான் வந்தது, அதுவும் சீட்டியடித்துக்கொண்டு. அது அடங்கிய பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். பின்வாசலில் குறுக்கே வைத்த கையை, 'மூச்சு உள்ளயும் விடலாம்ல' என்றதை. கை மடங்கிக்கொண்டு வருவதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

அவள் தோளில் சட்டைகளோடே போனை எடுத்தாள்.

"டேய், நீ எங்க இருக்கே? … எங்க இருந்தா என்ன, கேளு. உன் மாமாவை மூச்சு விடக்கூடாதுன்னியாமே? … எது ரூலு? எங்க எழுதி ஒட்டியிருக்கு, சொல்லு, நான் வந்து படிக்கிறேன். … எல்லாரும் கேப்பாங்களா? கேக்கட்டும்டா! சோறா கேக்கறாங்க, சொத்தா கேக்கறாங்க? … என்னடா மானேஜ்மெண்டு? சின்னப்புள்ளையில உனக்குச் சளி கட்டி மூச்சு முட்டினப்ப உன்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவ நானு. அப்ப எந்த மானேஜ்மெண்டுடா வந்துச்சு?"

மறுமுனையில் அவன் என்னவோ சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டான். அவள் போனை முறைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைகளைத் தண்ணீரில் நனைத்தாள். பிழிந்துகொண்டே சொன்னாள்: "அவன் மாற மாட்டான். நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா இன்னொருக்கா இந்த நாத்தத்தோட வந்தீங்கன்னா, சட்டையோட சேத்து நீங்களும் பால்கனிதான். கை மடங்குதுன்னு சொன்னீங்களே, அது என்னிக்காவது வாய்க்கு வந்துடும்."

வந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். உள்ளே இருந்தால் தூசி கொல்லும். வெளியே நின்றால் கையில் இருப்பது கொல்லும். மறுநாள் காலையும் வேறு வழி தெரியாமல் பெட்டியைக் காட்டிவிட்டுத்தான் முற்றத்துக்கு வந்தார். பற்றவைத்து, முழங்கையைச் சுவரில் முட்டுக்கொடுத்து நீட்டிப் பிடித்தார். மடங்கக் கூடாது என்பதற்குத்தான் சுவர்.

பின்வாசல் மெல்லத் திறந்தது. தேய்ப்புப் பகுதியில் வேலை செய்கிற மாவக்கா எட்டிப் பார்த்தாள். சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது மாவில் பிசைந்தெடுத்தவள் மாதிரி போவதால் அந்தப் பெயர். தலையோடு சேர்த்து மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாள். கண் மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, எனக்கும் ஒண்ணு குடுங்களேன்."

"என்னம்மா?"

"சிகரெட்டு. நீங்க குடிக்காம கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறதை ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நல்ல யோசனைண்ணே. இங்க வந்த நாள்லேருந்து எனக்கு இது தோணவே இல்லை பாருங்க." இருமினாள். துணிக்குள் இருமி, துணிக்குள்ளேயே முடித்துக்கொண்டாள். "நெஞ்சு கட்டிக்கிட்டே இருக்கு. நானும் ஓரமா நின்னுட்டுப் போறேன்."

"பொம்பளைப் புள்ள, பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்று உளி சிரித்தான்.

"என்ன சொன்னா என்ன? குடிக்கிறவங்க வெளிய போலாம்னுதானே? ஆம்பளைங்க மட்டும்னு சொல்லலையே." பாலிஷ்காரர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "பழக மாட்டேண்ணே. சும்மா கையிலதான்."

சும்மா கையிலதான்.

பாலிஷ்காரருக்குக் காது அடைத்தது. நீட்டிய அந்தக் கையில் ரேகையே தெரியவில்லை. தூசி பூசி மூடியிருந்தது. அவர் கை பெட்டியைத் தொட்டுவிட்டது. பழக்கதோஷம், கேட்டால் கொடுக்கிற கை. அது பெட்டியோடு பாதி வழியில் நின்றது. இத்தனை நாள் அவருக்கு இருந்த கோபமெல்லாம் தனக்காக. என் மூச்சு, என் நெஞ்சு, நான் விட்டதற்கு எனக்குத் தண்டனை. இவள் ஒருநாளும் குடித்ததில்லை. விடுவதற்குக்கூட இவளிடம் ஒன்றும் இல்லை. இருந்தும் அவர் நெஞ்சில் கேட்கிற அதே சீட்டி அந்தத் துணிக்குப் பின்னால் கேட்கிறது. அவரும் உளியும் மைத்துனனும் வெளியே நின்று அரட்டையடித்த நேரமெல்லாம் இவள் உள்ளேதான் நின்றிருக்கிறாள். ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை. அவருக்கும்தான்.

"குடுக்க மாட்டேன்" என்றார்.

மாவக்காவின் கை கீழே இறங்கியது. "சரிண்ணே" என்று திரும்பினாள்.

"எங்க போறே? நில்லு. சிகரெட்டு குடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன்."

மணல் வாளியில் சிகரெட்டை நசுக்கினார். பெட்டியை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் போட்டார். "ஐயோ, அதை எங்கிட்டக் குடுத்திருக்கலாமே!" என்று உளி அலறினான். சுவரோரம் பழுதுபார்க்க வந்த நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றை இழுத்து, கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, காற்று வருகிற பக்கமாகப் போட்டார்.

"உக்காரு."

"உக்காரவா? இங்கயா?"

"பின்ன, நின்னுக்கிட்டேதான் மூச்சு விடணுமா? அந்தத் துணியை அவுரு."

அவள் தயங்கித் தயங்கி அவிழ்த்தாள். துணி மறைத்த இடம் ஒரு நிறமாகவும் மற்ற இடம் தூசி நிறமாகவும் முகம் இரண்டாக இருந்தது. எத்தனையோ வருஷம் ஒரே கூரைக்கு அடியில் வேலை செய்தவளுடைய முழு முகத்தை அவர் வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான். "மூக்கால இழு. மெதுவா. இப்ப உதட்டைக் குவிச்சு விடு, சூடான டீயை ஆத்துற மாதிரி." அவரும் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து செய்து காட்டினார். கதவிடுக்கில் தேய்ப்புப் பகுதிப் பெண்கள் இன்னும் இரண்டு பேரின் கண்கள் தெரிந்தன.

"அடுத்த முறை நீங்க" என்றார் அவர்களைப் பார்த்து. "இவ உள்ள வந்ததும் வாங்க."

அதற்குள் மைத்துனன் ஓடிவந்தான். "என்ன மாமா இது? கல்யாண வீடா? நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்க?" மாவக்காவைப் பார்த்து, "நீ சிகரெட்டு குடிப்பியா?" என்றான்.

"இல்லைங்க."

"அப்ப இங்க என்ன பண்றே?"

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். பாலிஷ்காரர் அவள் நாற்காலியின் கையில் தன் கையை வைத்தார். அவள் உட்கார்ந்தபடியே, சின்னக் குரலில், "மூச்சு விடுறேங்க" என்றாள்.

"மூச்சு உள்ளயும்…" என்று ஆரம்பித்தான். அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் கிளம்பி மிச்ச வாக்கியத்தை விழுங்கிவிட்டது. சேறு கலக்குகிற மாதிரி இருமல். பாலிஷ்காரருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கோபத்துக்கு நடுவிலும் அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மாமா, எல்லாரும் வெளிய வந்துட்டா உள்ள வேலையை யாரு பாக்கறது?"

"இத்தனை வருஷம் நீயும் நானும் இங்க நின்னு ஊதினப்ப யாரு பாத்தா? இவங்கதானே? இவங்க இங்க இருக்கறப்ப நான் பாக்கறேன். முறை போட்டுக்கறோம்."

"முதலாளிகிட்ட சொல்ல வேண்டி வரும்."

"சொல்லேன். என்னன்னு சொல்லுவே? குடிச்சாங்கன்னு சொல்ல முடியாது. தூங்கினாங்கன்னு சொல்ல முடியாது. மூச்சு விட்டாங்கன்னு சொல்லு. அதுக்கு என்ன தண்டனைன்னு அவரு யோசிக்கட்டும். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, அந்த அலமாரியெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகுது. நானும் பின்னாடியே போயி அங்க சொல்லிக்கறேன், யாரு எப்படிப் பண்ணினதுன்னு. அப்புறம் உங்கக்காவுக்கு நீ பதில் சொல்லிக்க."

கடைசி வார்த்தை நன்றாக வேலை செய்தது. மைத்துனன் அலுவலக ஜன்னலைப் பார்த்தான், நாற்காலிகளைப் பார்த்தான், கதவிடுக்கில் இருந்த கண்களைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாதவன் செய்கிற காரியத்தைச் செய்தான்: பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தான். உளி அதற்குள், யாரும் சொல்லாமலே, தன் சிகரெட்டோடு நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தான்.

மைத்துனன் தீக்குச்சியைக் கிழித்தான்.

"மாப்ளே" என்றார் பாலிஷ்காரர். "காத்து இந்தப் பக்கம் அடிக்குது. அந்தச் சுவரோரமா போயி ஊது. இது மூச்சு விடுற எடம்."